திமிரி சாலையில் ஓர் ஈ

வேலூர்ப் பஸ் நிலையத்தில் ஆற்காடு செல்லும் வண்டியொன்றில் ஜன்னலோரம் இடம்பிடித்து உட்கார்ந்து, வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த வேளையில், எங்கள் வண்டியை ஒட்டி ஒரு முழ தூரத்தில் நின்றிருந்த மற்றொரு வண்டி மெல்லப் பின்னுக்கு நகர, எங்கள் வண்டிதான் முன்னே புறப்பட்டுவிட்டது என்று நான் ஐயமற நம்பி, எதிர் இருக்கையின் கம்பியை அவசரமாகப் பற்றிக்கொண்டேன். பொட்டலத்திலிருந்த கடலையில் பாதி மடியிலும் பாதி தரையிலுமாகச் சிதறிற்று. பக்கத்திலிருந்த பெரியவர், "இன்னும் டிரைவரே ஏறல சார், கீழ டீ குடிச்சிக்கினு நிக்கிறாரு" என்று சொல்லிச் சிரித்தார். இத்தனை வருஷம் பஸ் ஏறி இறங்கியும் இந்தப் பிரமையிலிருந்து எனக்கு விமோசனம் கிடைக்கவில்லை. வண்டி நகரவில்லை என்று புத்திக்குத் தெரிந்த பிறகும் வயிற்றுக்குள் ஒரு கணம் அந்த ஓட்டம் நின்றபாடில்லை.

நான் திமிரிக்குப் புறப்பட்ட காரியம் வேறு. அவ்வூருக்கு வெளியே உப்புத் தோல் கிடங்கு வைத்திருக்கும் பழைய சிநேகிதர் ஒருவர், வந்து இரண்டு நாள் தங்கிப் போகும்படி பல தடவை சொல்லியனுப்பியிருந்தார். ஆனால் மனிதன் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மனத்தில் எதைப் போட்டு மூட்டை கட்டுகிறானோ அதுவே வழியெல்லாம் அவிழ்ந்துகொண்டு வரும். சில மாதங்களாக நான் ஈயின் மூளையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். ஆகையால் இந்தப் பிரயாணத்தில் நான் கண்ட காட்சிகளில் பாதி என் கண்ணால் கண்டவை, பாதி அந்த ஜந்துவின் கண்ணால் கண்டவை என்றே வாசகர் கொள்ள வேண்டும்.

முதலில் அந்தப் பஸ் நிலையத்துப் பிரமையையே எடுத்துக்கொள்வோம். உட்புறம் கறுப்பும் வெளுப்புமாகச் செங்குத்துக் கோடுகள் வரைந்த ஓர் உருளையின் நடுவில் ஈ ஒன்றை நிறுத்தி, உருளையை வலப்புறமாகச் சுழற்றினால், ஈயும் வலப்புறமாகத் திரும்புகிறது. இடப்புறம் சுழற்றினால் இடப்புறம். கோடுகளின்மேல் அதற்கு ஆசை ஒன்றும் இல்லை. உலகம் முழுதும் ஒரே வீச்சில் வலப்புறம் நகர்வதாகக் கண்டால், உலகம் அப்படியெல்லாம் நகராது, காற்று நம்மை இடப்புறம் தள்ளிவிட்டது என்று அது முடிவு கட்டி, தள்ளிய அளவுக்குத் தன் உடலைத் திருப்பிச் சரிசெய்துகொள்கிறது. பறக்கும் பிராணிக்கு இது உயிர்நிலையான ஏற்பாடு. இதில்லையேல் ஒரு சிறு காற்றுக்கும் அது திசை தப்பிப் போகும். கண்ணின் பெரும்பகுதியை நிறைத்த காட்சி நகர்ந்தால் நகர்ந்தவன் நானே என்னும் இந்த அனுமானத்தைத்தான் வேலூரில் என் தலைக்குள்ளும் ஏதோ ஒன்று செய்து, அரைப் பொட்டலம் கடலையை நஷ்டப்படுத்திற்று.

டிரைவர் ஏறினார், வண்டி மெய்யாகவே புறப்பட்டது.

சத்துவாச்சாரி கடந்து ரத்தினகிரியை நோக்கி வண்டி வேகம் எடுத்ததும், ஜன்னல் வழியாக உலகம் பின்னோக்கி ஓடத் தொடங்கிற்று. ஓடிய விதத்தைக் கவனிக்க வேண்டும். சாலையோரத்துக் கல் தூண்கள் கண்ணில் பட்டதும் கரைந்துபோயின. அவற்றுக்கு அப்பால் இருந்த புளியமரங்கள் ஓட்டமாக ஓடின. அதற்கும் அப்பால் வயலில் நின்ற மாடு நடந்தது. தொலைவில் வெயிலில் வெளுத்துக் கிடந்த மலைத்தொடரோ எங்களுடனேயே கூட வந்துகொண்டிருந்தது. கிட்ட இருப்பது வேகமாகவும் எட்ட இருப்பது மெதுவாகவும் பெயர்வதைக் குழந்தைகளும் கண்டு, நிலா கூட வருகிறதென்று பாடுகின்றன. ஆனால் இதையே ஒரு கணக்காக மாற்றி, எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று அளக்கலாம் என்பது விமானிகளுக்குப் பயிற்சியளித்த காலத்தில் கிப்ஸன் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞருக்குப் புலப்பட்டு, 1950ல் அவர் அதைப் புத்தகமாகவே எழுதினார். காட்சிப் பெருக்கு என்று அதைச் சொல்லலாம்; ஆற்றுப் பெருக்கைப் போலவே அதற்கும் வேகம் உண்டு, போக்கு உண்டு.

இந்தப் பெருக்கை நம்பியே வாழ்கிற பூச்சிகளைப் பற்றி உலகத்துக்கு நன்றாக எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் நம் நாட்டவர் என்பதைப் பலர் அறியார். மண்டயம் வீரம்புதி சீனிவாசன் 1948ல் புனாவில் பிறந்து, பெங்களூரில் மின்சார எஞ்சினீயரிங் படித்து, அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்து, பிறகு ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறி, ஈயின் கண்ணிலும் தேனீயின் கண்ணிலுமாக ஆயுளைச் செலவிட்டவர். குறுகலான நடையொன்றின் வழியே பறக்கும் தேனீ இரு சுவர்களுக்கும் நட்டநடுவில் போவது எப்படி என்று அவர் கேட்டார். ஒரு பக்கத்துச் சுவரின் கோடுகளைத் தேனீ பறக்கும் திசையிலேயே நகரவிட்டபோது, அச்சுவரின் காட்சி மெதுவாகப் பெயர்வதாகத் தோன்றியதால், சுவர் தொலைவில் இருக்கிறதென்று எண்ணித் தேனீ அதை நெருங்கிப் பறந்தது. ஆக, அது அளப்பது தூரத்தை அன்று, இருபுறத்துக் காட்சிப் பெருக்கின் வேகத்தை. இதைவிட விநோதமானது 2000ல் அவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்டது. நெருக்கமான கோலம் வரைந்த, சுமார் 6 மீட்டர் நீளமே உள்ள ஒரு சுரங்கத்தின் வழியே பறந்து உணவுண்டு திரும்பிய தேனீக்கள், கூட்டுக்கு வந்து ஆடிய நடனத்தில், தாங்கள் ஏறக்குறைய 200 மீட்டர் போய் வந்ததாக மற்றத் தேனீக்களுக்கு அறிவித்தன. சுவர்கள் அவ்வளவு அருகில் இருந்தமையால் காட்சி அவ்வளவு ஓடிவிட்டது! ஊர்க் குறுகல் சந்தில் சைக்கிள் விடுகிறவன் தான் பறப்பதாக நினைத்துக்கொள்வதும், அகலமான புறவழிச் சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார்க்காரர் ஊர்வதாக அலுத்துக்கொள்வதும் இந்த இனத்தைச் சேர்ந்த தவறுகள்தாம்.

மேல்விஷாரத்தில் தோல் ஷாப்புகளின் வாடை ஜன்னல் வழியே வந்து, இது எந்தச் சீமை என்பதை அறிவித்துவிட்டுப் போயிற்று.

ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா வாங்கினேன். ஆற்காட்டுக்குப் போய் அதை வாங்காமல் திரும்புகிறவரை நான் மதிப்பதில்லை. கண்ணாடிப் பெட்டியின்மேல் நாலைந்து ஈக்கள் உலாவிக்கொண்டிருந்தன. கடைக்காரர் கையிலிருந்த துணியை வீசும்போதெல்லாம் அவை எழுந்து, துணி இறங்குவதற்குள் மீண்டும் அமர்ந்தன. அவருடைய துணியும் அவற்றின் எழுச்சியும் ஒரே தாளத்தில் நடந்ததைப் பார்த்தால், இருதரப்பாரும் நெடுநாளாகப் பழகியவர்கள் போலத் தோன்றிற்று. இவ்வூரில் பாலாற்றங்கரையில் டில்லி கேட் என்ற பழைய வாயில் இன்றும் நிற்கிறது. 1751ல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டைக்குள் புகுந்த சில நாளில், எதிரிப் படையைத் தேடித் திமிரிக்குத்தான் கிளம்பினான் என்று சரித்திரம் சொல்லுகிறது. அவன் போன வழியாகவே நானும் ஆரணி பஸ்ஸில் ஏறி, ஒன்றே கால் பேடாவும் கையுமாகத் தெற்கு நோக்கிப் பிரயாணமானேன்.

ஈ ஒன்றும் கூட ஏறிற்று. பேடாவின் பொருட்டே ஏறியிருக்க வேண்டும். எதிர் இருக்கையின் கம்பியில், என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து, முன்னங்கால்கள் இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டது. பிறகு தலையை ஏறக்குறையக் கழற்றிவிடுமோ என்று அஞ்சும்படியாகச் சாய்த்து, கண்களைக் காலால் வழித்துத் துடைத்தது. செங்கல் பொடி நிறத்தில், தலையின் இருபுறமும் கவிழ்த்த கிண்ணங்கள்போல் புடைத்திருந்த அக்கண்களை வெயில் படும் கோணத்தில் பார்த்தால், பட்டுத் துணியின் நெசவுபோல் ஒரு நுண்ணிய வரிசை தெரிந்தது. வீட்டு ஈயின் கண் ஒவ்வொன்றும் சுமார் 3,000 சிறு கண்களால் ஆனது. ஆராய்ச்சிக்கூடங்களில் வளர்க்கும் பழ ஈக்கு அவை 750 அளவில்தான். ஒவ்வொரு சிறு கண்ணும் உலகத்தின் ஒரு புள்ளியை மட்டும் பார்க்கிறது. ஆகவே ஈ காணும் படம் நம்முடையதோடு ஒப்பிட்டால் மிகவும் கரடுமுரடானது. எதிரே இருப்பவர் முகத்தில் மூக்கு இருக்கிறதா என்பதுகூட அதற்குச் சந்தேகம்தான்.

ஆனால் காலத்தைப் பகுப்பதில் அது நம்மை மிஞ்சியது. ஒரு விளக்கு விநாடிக்கு அறுபது தடவைக்கு மேல் அணைந்து எரிந்தால் நம் கண்ணுக்கு அது தொடர்ந்து எரிவதாகவே தோன்றும். வேகமாகப் பறக்கும் ஈக்கள் விநாடிக்கு 200 தடவைக்கு மேற்பட்ட சிமிட்டலையும் தனித்தனியே பிரித்து அறியும். இளமையில் ஆற்காட்டுப் பக்கத்து டூரிங் டாக்கீஸ்களில் மணலைக் குவித்து உட்கார்ந்து நாங்கள் கண்ணீர் விட்டுப் பார்த்த படங்களெல்லாம், அங்கே கூட இருந்த ஈக்களுக்குப் படமும் இருட்டும் மாறி மாறி வரும் சிமிட்டலாகவே பட்டிருக்கும். நான் இடக்கையைக் குவித்து மெல்ல நீட்டி, சடக்கென்று வீசினேன். ஈ இல்லை. என் கை கிளம்பியதும் அது நடுக்கால்களை இடம் மாற்றி வைத்து, கை வரும் திசைக்கு எதிர்த்திசையில் எழும்பத் தோதாக உடலைச் சாய்த்துக்கொள்கிறது என்றும், இத்தனையும் விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது என்றும் 2008ல் க்வினெத் கார்ட், மைக்கேல் டிக்கின்ஸன் என்ற இருவர் அதிவேகக் காமிராவில் படம் பிடித்துக் காட்டினார்கள். என் விஷயத்தில் அந்த ஈ அவ்வளவு அவசரப்படவில்லை என்று நினைக்கிறேன். அதே கம்பியில் நாலு அங்குலம் தள்ளி அமர்ந்துகொண்டது.

இப்போது கேள்விக்கு வருவோம். 3,000 கண்களில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டுமே அறியும் என்றால், என் கை வலமிருந்து இடமாக வந்தது என்பதை ஈ எப்படி அறிந்தது? எந்த ஒரு சிறு கண்ணிலும் வலம் இல்லை, இடம் இல்லை. வெளிச்சம் கூடிற்று, குறைந்தது என்ற செய்தி மட்டும் உண்டு. அசைவு என்பது கண்ணுக்குள் வந்து விழும் பொருள் அன்று. அதை உள்ளே யாரோ கணக்குப் போட்டுத்தான் பெற வேண்டும்.

அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர்கள் ஜெர்மனியில் இருவர். ஒருவர் பெர்ன்ஹார்ட் ஹாஸன்ஸ்டைன், உயிரியலார். மற்றவர் வெர்னர் ரைஹார்ட், பௌதிகர். யுத்த காலத்தில் சந்தித்த இவ்விருவரும், யுத்தம் ஓய்ந்தபின் ஒரு கூன்வண்டை வைத்துக்கொண்டு செய்த பரிசோதனையை நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்து வரும். வண்டின் முதுகை ஒரு குச்சியில் ஒட்டி அந்தரத்தில் நிறுத்தினார்கள். அதன் கால்களில் வைக்கோல் சிம்புகளால் பின்னிய ஓர் இலேசான பந்தைக் கொடுத்தார்கள். வண்டு தான் சிம்பின்மேல் நடந்து போவதாக எண்ணிக் காலை எடுத்து வைக்க, பந்துதான் சுழன்றது. சில அடிக்கு ஒரு தரம் சிம்பு இரண்டாகக் கிளைக்கும். அங்கே வண்டு வலமா இடமா என்று ஒரு முடிவு செய்தாக வேண்டும். சுற்றிலும் கோடுகளை நகர்த்தி, அது எந்தப் பக்கம் எத்தனை தடவை திரும்பிற்று என்று எண்ணிக்கொண்டேயிருந்தார்கள். வைக்கோலும் பசையும் பொறுமையும் தவிர வேறு செலவில்லை. 1956ல் அவர்கள் வெளியிட்ட கணக்கு இன்றளவும் நிற்கிறது.

அக்கணக்கின் சூட்சுமம் என்னவென்றால், பக்கத்துப் பக்கத்திலிருக்கும் இரு கண்களில் ஒன்றின் செய்தியைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, மற்றதன் செய்தியோடு சேர்த்துப் பெருக்குவது. அந்தத் தாமதத்தில்தான் திசை இருக்கிறது. ஆரணி சாலையில் போய்க்கொண்டே இதை நான் எனக்கு இப்படிச் சொல்லிக்கொண்டேன். சாலையில் வடக்கே ஒரு டீக்கடை, தெற்கே ஒரு டீக்கடை. தெருவுக்குள் தள்ளியிருக்கும் ஒரு வீட்டுத் திண்ணையில் பார்வை மங்கிய பாட்டி ஒருத்தி, ஆற்காட்டிலிருந்து வரும் பேரனுக்காகக் காத்திருக்கிறாள். பஸ் தன் கடையைத் தாண்டியதும் பாட்டியிடம் போய்ச் சொல்லும்படி இரு கடைப் பையன்களுக்கும் கட்டளை. வடக்குக் கடைப் பையன் சோம்பேறி, அசைந்து அசைந்து வருவான். தெற்குக் கடைப் பையன் ஓடியே வருவான். பஸ் ஆற்காட்டிலிருந்து வந்தால் சோம்பேறி முதலில் கிளம்புகிறான், சுறுசுறுப்பானவன் பிறகு கிளம்புகிறான், இருவரும் ஒரே சமயத்தில் திண்ணைக்கு வந்து சேருகிறார்கள். பஸ் ஆரணியிலிருந்து வந்தால் ஓடுகிறவன் முதலிலேயே வந்துவிடுவான். சோம்பேறி வந்து சேரப் பொழுது சாயும். ஆகவே இருவர் குரலும் சேர்ந்து கேட்டால் மட்டும் பாட்டி எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தால் போதும். அவள் பஸ்ஸைப் பார்க்க வேண்டுவதில்லை. பையன்களும் பஸ்ஸின் திசையைச் சொல்ல வேண்டுவதில்லை. எதிர்த் திண்ணையில் இதற்கு நேர்மாறான ஏற்பாட்டோடு இன்னொரு பாட்டி இருந்து, இவள் கணக்கிலிருந்து அவள் கணக்கைக் கழித்துவிட்டால் தவறு இன்னும் குறையும். பஸ் தலைதெறிக்க ஓடினாலும், மாட்டு வண்டியாய் ஊர்ந்தாலும் பையன்களின் சந்திப்பு தப்பிப்போகும் என்ற குறை மட்டும் உண்டு; ஈயின் கண்ணிலும் அதே குறை இருப்பதைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

திண்ணைப் பாட்டி எங்கே இருக்கிறாள் என்று கண்டறிய மட்டும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஸ்பெயின் தேசத்து ராமோன் காஹால் 1915லேயே, டொமிங்கோ சான்சேஸ் என்பவரோடு சேர்ந்து, பூச்சிகளின் கண்ணுக்குப் பின்னால் அடுக்கடுக்காக அமைந்த நரம்பணுக்களைக் கையால் படம் வரைந்து வைத்திருந்தார். ஆனால் அந்தப் படத்தில் எந்த அணு என்ன வேலை செய்கிறது என்பது தெரியாது. அந்த அணுக்களோ நெடுங்காலம் மின் ஊசியால் குத்திப் பார்க்க இயலாதிருந்த அளவுக்குச் சிறியவை. பழ ஈயின் மூளை முழுதுமே கசகசா விதையைவிடப் பெரிதில்லை.

கண்ணிலிருந்து செய்தி போகும் வழி, பின்னால் தெரியவந்தபடி, இவ்வாறு. கண்ணின் ஒளி அணுக்கள் தங்கள் செய்தியை ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தால் அடுத்த அடுக்குக்குச் சொல்லுகின்றன. நமக்குத் தும்மலும் தடிப்பும் வரவழைக்கும் அதே ஹிஸ்டமின்தான். அங்கேயே செய்தி இரண்டாகப் பிரிகிறது: வெளிச்சம் கூடியதைச் சொல்லும் வழி ஒன்று, குறைந்ததைச் சொல்லும் வழி ஒன்று. இரண்டு வழிகளின் முடிவிலும் டி-4, டி-5 என்று பெயரிட்ட அணுக்கள் இருக்கின்றன. அவைதாம் நம் பாட்டிமார். ஜெர்மனியில் மியூனிக்குக்கு அருகே அலெக்ஸாண்டர் போர்ஸ்ட் என்பவரின் ஆராய்ச்சிக்கூடத்தார், அணு வேலை செய்யும்போது ஒளிரும்படியான ஒரு புரதத்தை அவற்றில் ஏற்றி, 2013ல் கண்டது இது: டி-4ல் நான்கு வகை, டி-5ல் நான்கு வகை, ஒரு வகை முன்னிருந்து பின்னோக்கிப் போகும் அசைவுக்கு மட்டும் ஒளிரும், ஒன்று பின்னிருந்து முன்னுக்கு, ஒன்று மேலே, ஒன்று கீழே. நான்கும் தத்தம் இழைகளை மூளையில் நான்கு தனித்தனி அடுக்குகளுக்கு அனுப்புகின்றன. அந்த அடுக்குகளில் பெரிய அணுக்கள் கிளை பரப்பி அமர்ந்து, ஆயிரக்கணக்கான சிறு செய்திகளைத் திரட்டி, உடல் முழுவதும் எந்தப் பக்கம் திரும்புகிறதென்று நிர்ணயிக்கின்றன. பக்கவாட்டுத் திருப்பத்துக்குப் பழ ஈயில் ஒவ்வொரு பக்கமும் மூன்றே அணுக்கள்தாம்.

ஆயினும் பெருக்கல் எங்கே நடக்கிறது? உயிரணு எப்படிப் பெருக்கும்? இதற்கு 2022ல் அதே கூடத்தார் கண்ட விடை எனக்கு மிகவும் பிடித்தது. டி-4க்கு அருகில் எம்ஐ-9 என்றோர் அணு இருக்கிறது. இருட்டாக இருக்கும் வரையில் அது டி-4ன் மேல் ஒரு ரசாயனத்தைச் சொட்டி, வருகிற மின்னோட்டமெல்லாம் ஒழுகிப்போகும்படி அதன் வாயில்களைத் திறந்தே வைத்திருக்கிறது. ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிறையாததுபோல, டி-4 அப்போது எந்தச் செய்திக்கும் எழுவதில்லை. வெளிச்சம் எம்ஐ-9ன் பக்கம் முதலில் பட்டால் அது வாய் மூடிக்கொள்கிறது. குடத்தின் ஓட்டைகள் அடைபடுகின்றன. அடைபட்டிருக்கும் அச்சிறு பொழுதுக்குள் அடுத்த புள்ளியிலிருந்து எம்ஐ-1, டிஎம்-3 என்னும் அணுக்களின் செய்தி வந்து விழுந்தால் குடம் சட்டென்று நிறைகிறது. எதிர்த் திசையில் வந்தால், ஊற்றும்போது ஓட்டை திறந்திருக்கிறது. ஓட்டை அடைபடும்போது ஊற்றுவாரில்லை. போதாததற்கு மறுபுறத்தில் எம்ஐ-4 என்ற இன்னோர் அணு தட்டி அடக்கவும் செய்கிறது. ஒன்று மௌனமாவதும் மற்றொன்று பேசுவதும் சந்திக்கிற இடத்தில் பெருக்கல் நடந்துவிடுகிறது. காகிதத்தில் பௌதிகர் போட்ட பெருக்கல் குறியை, ஒரு ஜந்துவின் சதையில் இந்த வடிவத்தில் கண்டெடுக்க அறுபத்தாறு வருஷம் பிடித்தது.

"திமிரி! திமிரி எறங்கு!" என்று கண்டக்டர் விசில் ஊதினார். ஈ எனக்கு முன்னால் இறங்கிற்று.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கடையில் டீ சொன்னேன். டீ மாஸ்டர் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, மறு கையை இடுப்புக்குக் கீழே தாழ்த்தி, இரண்டு குவளைகளுக்கும் நடுவே தேயிலை நீரைக் கயிறு திரித்தாற்போல் இழுத்து ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் பார்வையோ ரோட்டில் போகும் யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபோது மியூனிக் நகரத்து மாது ஒருத்தியின் கதை நினைவுக்கு வந்தது. மூளையின் பின்புறத்தில் இருபக்கமும் ஏற்பட்ட சேதத்தினால், அவளுக்கு நிறம் தெரிந்தது, உருவம் தெரிந்தது, அசைவு மட்டும் தெரியாமல் போயிற்று என்று 1983ல் யோஸஃப் ஸீல் என்ற அறிஞரும் அவருடைய சகாக்களும் எழுதியிருக்கிறார்கள். கோப்பையில் டீ ஊற்றினால், விழுகிற திரவம் உறைந்து நிற்பதுபோல் அவளுக்குத் தோன்றும். கோப்பை நிரம்பி வருவது தெரியாமையால் எப்போது நிறுத்துவதென்று அறியாமல் தவிப்பாள். தெருவில் தூரத்தில் இருந்த கார், இடைவழியில் எங்கும் இல்லாமல், திடுமென்று பக்கத்தில் நிற்கும். மனித மூளையிலும் அசைவுக்கென்று தனி இலாகா ஒன்று உண்டென்பதற்கு அவள் பட்ட துன்பமே சாட்சியாயிற்று. திமிரி மாஸ்டரின் கைத்திறனை அவளால் இரண்டு குவளைகளும் ஒரு செம்பழுப்புக் கம்பியும் என்று மட்டுமே கண்டிருக்க முடியும்.

சிநேகிதரின் கிடங்கு ஊரைத் தாண்டிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கசாப்புக் கடைகளிலிருந்து வரும் பச்சைத் தோலை வாங்கி, சதைப்புறம் மேலாக விரித்து, எடைக்கு நூற்றுக்கு நாற்பது பங்கு உப்பை வாரித் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்து, ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகளுக்கு அனுப்புகிறார். "வாங்க சார், மூக்கைப் பொத்திக்காம வர்ற ஒரே ஆளு நீங்கதான்" என்று வரவேற்றார். மூக்கைப் பொத்தாமலிருப்பது எனக்கு எவ்வளவு பிரயாசையாயிருந்தது என்பதை நான் சொல்லவில்லை. ஈயைப் பார்க்க வந்தேன் என்றதும் அவர் ஆச்சரியப்படவில்லை. "உப்புப் போட்டாச்சுன்னா ஈ உட்காரும், எழுந்து போயிரும். உப்புக்கு முன்னாடி ஒரு மணி நேரம் அசந்தோம்னா முட்டை வச்சிரும், அப்புறம் புழுதான், தோல் போச்சு" என்றார்.

"இது அடிச்சாச் சிக்குதா பாய்?" என்று கேட்டேன்.

"அது எங்க சார் சிக்குது. நாம கையைத் தூக்குறதுக்கு முன்னாடியே அதுக்குத் தெரியும். எங்க மேஸ்திரி ஒருத்தன்தான் அடிப்பான். அவன் ஈயை அடிக்க மாட்டான், அதுக்கு முன்னாடி ஒரு விரக்கடை தள்ளி அடிப்பான்."

டிக்கின்ஸன் காமிரா வைத்துக் கண்டதை மேஸ்திரி காமிரா இல்லாமல் கண்டிருக்கிறார்.

அங்கே மொய்த்தவை வீட்டு ஈக்கள் அல்ல. பச்சையும் நீலமுமாகத் தகடுபோல் மின்னும், உடல் பருத்த பிண ஈக்கள். பெருந்தலை என்று பொருள்படும்படி சாஸ்திரக்காரர்கள் க்ரைஸோமையா மெகஸெஃபலா எனப் பெயரிட்ட இனம் நம் நாட்டில் இறைச்சி இருக்கும் இடமெல்லாம் உண்டு. உப்புப் பையின்மேல் அசைவற்றிருந்த ஒன்றைக் குனிந்து பார்த்தேன். அதன் இரு கண்களும் உச்சந்தலையில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. பக்கத்திலிருந்த மற்றொன்றுக்கோ நடுவில் வகிடுபோல் இடைவெளி. முட்டியிருப்பது ஆண், வகிடு எடுத்தது பெண். ஆணின் கண்ணில் மேற்பாதியிலுள்ள சிறு கண்கள் கீழ்ப்பாதியில் உள்ளவற்றைவிட மிகவும் பெரியவை. இரண்டுக்கும் நடுவில் வேட்டிக் கரைபோல் ஓர் எல்லை வெறுங் கண்ணுக்கே தெரிகிறது. 1989ல் இந்த இனத்தையே எடுத்து ஆராய்ந்தவர்கள், அம்மேற்பகுதி கூர்மையாகப் பார்ப்பதற்காக ஏற்பட்டதன்று, மங்கல் வேளையில் பல மடங்கு வெளிச்சத்தை வாரிக்கொள்வதற்காக ஏற்பட்டது என்று கண்டார்கள். வானத்தின் பின்னணியில் பறந்து போகும் பெண்ணைத் துரத்துவதே அதன் பிரயோஜனம் என்று கருதுகிறார்கள். கிடங்கு வாசலில் சாய்ந்த வெயில் விழுந்த இடத்தில் இரண்டு ஈக்கள் ஒன்றையொன்று கண்ணால் தொடர முடியாத வளைவுகளில் துரத்திக்கொண்டிருந்தன. 1974ல் மைக்கேல் லாண்ட், தாமஸ் காலெட் என்ற ஆங்கிலேயர் இருவர் இத்தகைய துரத்தலைப் படம் பிடித்து அளந்து, முன்னால் போவது திரும்பிய 30 மில்லி விநாடிக்குள் பின்னால் வருவதும் திரும்பிவிடுகிறது என்று கணக்கிட்டார்கள். நாம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஈ மூன்று தடவை மனம் மாற்றிக்கொள்ளலாம்.

இரவு கிடங்குத் திண்ணையில் கட்டிலைப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். 2024 அக்டோபரில், பிரின்ஸ்டன் சர்வகலாசாலையின் மாலா மூர்த்தி, செபாஸ்டியன் செயுங் முதலியோர் நடத்திய பெருமுயற்சியில் பழ ஈ ஒன்றின் மூளை முழுதுக்கும் வரைபடம் வெளியாயிற்று; 1,39,255 நரம்பணுக்கள், 5 கோடி அளவில் இணைப்புகள். அந்த அணுக்களில் பாதிக்கு மேல் பார்வையின் பொருட்டு மட்டுமே இருக்கின்றன என்று பாய்க்குச் சொன்னேன். "அப்போ ஈயைப் பத்தி எல்லாம் தெரிஞ்சு போச்சா?" என்று பாய் கேட்டார். தெரியவில்லை என்றே நான் நினைக்கிறேன். நம் தாலுகா ஆபீஸில் திமிரியின் ஒவ்வொரு வரப்புக்கும் சர்வே எண்ணோடு படம் இருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு எந்த வரப்பில் சண்டை வரும் என்று எந்தக் கர்ணமாவது சொல்லியிருக்கிறாரா? கூன்வண்டின் கணக்கு முன்பே கையில் இருந்ததனால்தான் அந்தப் பதினாலு லட்சக் கூட்டத்தில்... இல்லை, ஒன்றரை லட்சமும் தேறாத கூட்டத்தில், டி-4ஐத் தேட வேண்டுமென்றே தெரிந்தது. கணக்கில் நான் எப்போதும் ஒரு சைபர் கூட்டிச் சொல்லுகிறவன்; பாய் வியாபாரி, உடனே திருத்தினார்.

நம் நாட்டிலும் ஈயை மதித்தவர்கள் இருந்தார்கள். பம்பாய் டாடா ஆராய்ச்சிக் கழகத்தில் உயிரியல் பகுதியை 1962ல் தொடங்கிய ஒபைத் சித்திகி, பழ ஈயின் மோப்பத்தையும் ருசியையும் ஆராய ஒரு பரம்பரையையே உருவாக்கினார்; அது பெங்களூரில் தேசிய உயிரியல் ஆராய்ச்சி மையமாக வேர் விட்டது. பூச்சிகள் எப்படிப் பறக்கின்றன, பறக்கையில் எப்படி நிலை தவறாமலிருக்கின்றன என்பதை அங்கே சஞ்சய் சானே குழுவினர் இன்றும் ஆராய்ந்து வருகிறார்கள். இந்தத் திமிரியிலிருந்து அது ஓர் இரவுப் பிரயாண தூரம்கூட இல்லை.

ஆகையால் ராணிப்பேட்டை ஜில்லாவில் விஞ்ஞானம் போதிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஓர் அகலவாய்க் கண்ணாடிப் பாட்டிலில் ஈ ஒன்றைப் பிடித்து விடுங்கள். வாயைத் துணியால் கட்டுங்கள். வெள்ளைக் காகிதத்தில் விரற்கடை அகலத்துக்குக் கறுப்புக் கோடுகள் செங்குத்தாக வரைந்து, உருளையாகச் சுருட்டி, பாட்டிலைச் சுற்றி அதில் படாமல் நிறுத்தி, ஈ தரையில் நடக்கும் சமயம் பார்த்து மெதுவாக வலப்புறம் சுழற்றுங்கள், பிறகு இடப்புறம். எத்தனை தடவை ஈ கூடவே திரும்பிற்று என்று பிள்ளைகளை எண்ணி எழுதச் சொல்லுங்கள். செலவு ஒரு காகிதமும் கொஞ்சம் மையும். முடிந்ததும் ஈயைத் திறந்து விட்டுவிடுங்கள்.